தேயிலைக்கு நடுவே ஓடைக்கரைக் காடு



இந்த அவையில் தொழிற்சங்கத்தாரும் அமர்ந்திருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. காட்டு மீட்பைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் அவர்களை வழக்கமாகப் பார்க்க முடிவதில்லை. ஏன் அழைத்தோம் என்பதை முடிவில் சொல்கிறேன்.

நாம் பேசப்போகும் இடம் வால்பாறை. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. 1890களிலிருந்து மழைக்காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள், நடுவே தோட்டங்கள். அந்தத் தோட்டங்களை ஊடறுத்து ஓடும் ஓடைகள்தான் சுற்றியுள்ள காடுகளை இன்னும் இணைத்து வைத்திருக்கின்றன. இங்கே பெய்யும் மழையில் பெரும்பகுதி பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியாகச் சமவெளி வயல்களுக்குப் போகிறது. ஆகவே ஓடைக்கரை மண் சரிந்தால் அது தோட்டக்காரரின் இழப்போடு நிற்பதில்லை; அணைக்குள் வண்டலாகப் போய்ச் சேர்கிறது.

ஆராய்ச்சியாளர் ஆனந்த குமாரின் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பீடபூமியின் யானைகள் எங்கே தங்குகின்றன என்று பார்த்தது. எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளையும் ஆற்றோர மரக்கூட்டங்களையும் அவை நாடுகின்றன. தேயிலை அவற்றுக்குக் கடந்துபோகும் வழி மட்டுமே. நீர்நாய்களைப் பற்றிய ஆய்வும் இங்கு உண்டு. காட்டு ஓடைகளில்தான் அவற்றின் நடமாட்டம் மிகுதி. ஆனாலும் காப்பி, தேயிலைத் தோட்ட ஓடைகளிலும் அவை வாழ்கின்றன. மனிதர் அன்றாடம் புழங்கும் நிலத்தின் நடுவே ஓடினாலும் இந்த ஓடைகள் சாகவில்லை என்பது எனக்கு நம்பிக்கை தரும் செய்தி.

அப்படியானால் கரையில் மரம் நட்டுவிட்டால் போதுமா? இங்கேதான் நம் ஊர் மரம் நடும் விழாக்களின் மீது எனக்குள்ள சலிப்பைச் சொல்லியாக வேண்டும். அமைச்சர் கையில் மண்வெட்டி, புகைப்படம், பிறகு அந்தக் கன்றைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து செய்வது வேறு வகை. சாலையோரத்தில் உதிரும் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, தென்மேற்குப் பருவமழையில் நடுகிறார்கள். வெடிப்பலா, கருங்குங்கிலியம், காட்டு நாவல் என்று அந்த மண்ணுக்கே உரிய மரங்கள், ஒரே இடத்தில் பல வகையாக. நடுவதற்கு முன் களையான உண்ணிச்செடியை வெட்டும்போது, அதன் அடியில் தானாக முளைத்திருக்கும் கன்றுகளை அடையாளம் கண்டு விட்டுவைக்க வேண்டும். அதற்குக் கண் பழக வேண்டும்; அந்தப் பழக்கம் பட்டப்படிப்பில் வருவதில்லை. நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களை, நடாமல் விட்ட இடங்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. நட்ட இடங்களில் நிழல் அடர்ந்திருக்கிறது, மர வகைகள் பெருகியிருக்கின்றன, மரங்களில் சேர்ந்த கரிமமும் கூடுதல்.

தோட்ட மேலாளர்கள், இதற்கு எத்தனை ஏக்கர் தேயிலையை விட வேண்டும் என்று கேட்பார்கள்; கேட்பது நியாயம். தேயிலைக்கு நீர் தேங்கும் நிலம் ஆகாது. ஓடையை ஒட்டிய ஈர வரிசைகளில் கொழுந்தும் குறைவு, அங்கே உரமிட்டாலும் பூச்சிமருந்து அடித்தாலும் நேராகத் தண்ணீரில்தான் கலக்கும். அந்த வரிசைகளை விட்டுக்கொடுப்பது பெரிய தியாகம் அல்ல.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. கரை அடர்ந்தால் யானையும் சிறுத்தையும் தொழிலாளர் வாழும் லயன் வீடுகளுக்கு அருகில் ஒதுங்கும். அதிகாலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணின் அச்சத்தை ‘விழிப்புணர்வு இல்லாமை’ என்று எழுதும் கட்டுரைகளை நான் மதிப்பதில்லை. யானை நிற்கும் இடத்தை மாலையிலேயே கைப்பேசிக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் அறிவிக்கும் ஏற்பாடு வால்பாறையில் உயிர்களைக் காத்திருக்கிறது. எந்தக் கரையில் நடுவது, குடியிருப்பை ஒட்டிய எந்தக் கரையை மரமின்றித் திறந்தவெளியாக விடுவது என்பதைத் தொழிலாளரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்களை இங்கே அழைத்ததன் காரணம் இதுவே.

நீலகிரி நண்பர்களுக்கு ஒரு சொல்: உயரமான அந்த மலைகளில் சோலைக்காடு மலை மடிப்புகளில்தான் வளரும், மேலே இருப்பது புல்வெளி. ஓடைக்கரையை மீட்கிறோம் என்று புல்லின் மேல் மரத்தை ஏற்றிவிடாதீர்கள்.

இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளும் கட்டுரை படிக்கப்போகும் அனைவரிடமும் ஒன்று கேட்கிறேன். நட்ட மூன்றாம் ஆண்டில் களை எடுப்பவர் யார், அவருடைய கூலி எந்தக் கணக்கிலிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது பதில் இருக்கட்டும்.