மயிலாடி வேதமாணிக்கமும் நம் மாலைப் பள்ளியும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘தென் திருவிதாங்கூரில் கிறிஸ்தவ மிஷன் ஆற்றிய தொண்டு’ என்னும் பொருள்பற்றி இன்று பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். யான் சைவன், நாடோறும் நீறு அணிபவன். இவ்வவையில் சிலுவை அணிந்தோரும் உளர். வைகுண்டசுவாமிகளின் அன்புவழி நிற்போரும் உளர். ஆதலின் இப்பொருளைச் சமய வழக்காக ஆக்காமல், நம் மண்ணின் வரலாறாக மட்டுமே எடுத்துப் பேசுவேன்.

நம்மவர் இவ்வரலாற்றைச் சொல்லப் புகுங்கால் பெரும்பாலும் நாகர்கோவிலிலிருந்தே தொடங்குவர். சார்லஸ் மீட் பாதிரியார் 1818-ஆம் ஆண்டில் அவ்வூரை மிஷனுக்கு நடுவிடமாக்கியதும், கௌரி பார்வதி பாய் மகாராணியார் வயல் வாங்குதற்கு 5,000 ரூபாய் ஈந்ததும், 1819 சனவரி முதல் நாளில் பெரிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பெற்றதும், அச்சுக்கூடம் வந்ததும், 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியதும் நம் சிறுவர்க்கும் மனப்பாடம். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இவற்றுக்கு முன்னே ஓர் அதிகாரம் உண்டு. அதனை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். சில மேடைகளில் அதனைத் தொடுவதே இல்லை.

அவ்வதிகாரம் மயிலாடியில் தொடங்குகின்றது. இன்று கற்சிற்பத் தொழிலால் பெயர்பெற்ற அதே மயிலாடிதான். அங்கே சாம்பவர் குலத்தில் மகாராசன் என்றொருவர் வாழ்ந்தார். பெயர் மகாராசன், வாழ்ந்ததோ ஊர்க்கோடியில். மெய்ப்பொருளை நாடிய நெஞ்சினராதலின் அவர் தம் உறவினன் ஒருவனுடன் சிதம்பரத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். சென்ற இடத்தில் அவர் உள்ளம் அமைதி எய்தவில்லை. திரும்பும் வழியில் தஞ்சையில் உறவினரைக் காணச் சென்றவர், அங்கே கோலாப் ஐயர் ஆற்றிய பிரசங்கத்தைக் கேட்டார். திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயர் தாங்கி, கையில் புத்தகங்களுடன் மயிலாடிக்கு மீண்டார். பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் நிகழ்ந்தது இது.

இங்கு ஒன்றை உற்றுநோக்குங்கள். வெள்ளையர் எவரும் மயிலாடிக்குத் தேடி வந்து அவரை அழைக்கவில்லை. அவரே தேடிச் சென்றார். அவரே பெற்று வந்தார். வந்ததும் தம் தெருவினர்க்குத் தாமே சொன்னார். கேட்டவர் சிலர் சேர்ந்தனர். இடையூறுகள் பெருகின. அவர் மீண்டும் சோழநாட்டுக்குச் சென்று, எங்களுக்கு ஓர் ஆசிரியரை அனுப்புங்கள் என்று வேண்டினார். அவ்வேண்டுகோளின் பயனாகவே, தரங்கம்பாடியில் தமிழ் பயின்றுகொண்டிருந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1806-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நம் நாட்டினுள் அடிவைத்தார். ரெசிடெண்டு மெக்காலேயின் உதவியால் இசைவு பெற்று, 1809-இல் மயிலாடியில் கோயிலும் எழுந்தது. நம் பாட்டன்மார் எழுத்துக் கற்ற பள்ளிகளுக்கெல்லாம் தாய்வீடு எதுவென்று கேட்டால், அஃது ஒரு சாம்பவர் தெருவே என்பதுதான் விடை.

சேரி என்னும் சொல்லைப்பற்றித் தமிழாசிரியன் ஒரு வார்த்தை சொல்லாமற் போகலாகாது. சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். உத்தரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் வாழ்ந்த ஊரின் பகுதிகளுக்கே சேரி என்று பெயர். அங்குப் பன்னிரண்டு சேரிகள் இருந்தன. இராசராசனது தஞ்சைக் கல்வெட்டுகளிற் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. பின்னாளில் முன்னைய பொருள் தேய்ந்தது, பிற்பொருளே நிலைத்தது. சொல் குற்றமற்றது, அதனை வழங்கியவர் மனமே அதற்கு நிறம் ஏற்றிற்று.

ரிங்கல்தௌபே பாதிரியார் எளிய வாழ்வினர். தமக்கு வரும் ஊதியத்தையும் பிறர்க்கே செலவிட்டவர். நோயுற்று 1816-இல் இந்நாட்டை விட்டு நீங்கியபொழுது, சபைகளின் பொறுப்பை அவர் வேறொரு வெள்ளையரிடம் ஒப்புவிக்கவில்லை, வேதமாணிக்கத்தினிடமே ஒப்புவித்தார். மீட் பாதிரியார் வந்து சேரும்வரை அவரே காத்து நின்றார். 1827-இல் காலமானார்.

இனி, நம் முன்னோர் இதனுள் வந்த வகையைக் கூறுவேன். அன்று அரசாங்க ஏடுகளில் சாணார் என்று எழுதப்பட்ட நம் குலத்தார் தலைவரி கொடுத்தனர். கூலியில்லா ஊழியம் செய்தனர். அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் செய்ய வேண்டியிருந்த ஊழியத்தினின்று கிறிஸ்தவர்க்குச் சில விலக்குகள் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடைத்தது. ஆகவே நம்மவர் திரள்திரளாய்ச் சேர்ந்தனர். உலகநலம் கருதியே பலர் வருகின்றனர் என்று ரிங்கல்தௌபே பாதிரியாரே வருந்தியதுண்டு. அதனைச் சுட்டி, ‘வயிற்றுக்காக மதம் மாறினர்’ என்று இன்று நகுவார் உளர். முதுகின்மேல் சுமை இருப்பவன் அதனை இறக்கிவைக்க ஒரு திண்ணையைத் தேடுவது இழிவன்று. திண்ணையே இல்லாத தெருவை அமைத்தவரே நாணவேண்டும்.

சேர்ந்தபின் நிகழ்ந்ததுதான் நாம் வெளிப்படையாகப் பேசாத பகுதி. நாம் தொகையிற் பெருகினோம். முன்னே வந்தவர் பின்னே தள்ளப்பட்டனர். ஒரே கோயிலில் சாம்பவருடன் அமர நம்மவர் ஒருப்படவில்லை. பல ஊர்களில் சபைகள் சாதிக்கொன்றாகவே அமைந்தன. வேதமாணிக்கம் திறந்த கதவினுள் நுழைந்து, அவர் உறவினர்க்கு அக்கதவைப் பாதி சாத்தினோம் என்று சொல்வது மிகையாகாது.

தோள்சீலைக் கிளர்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாய்மார் பட்ட அவமானமும், கிழிக்கப்பட்ட ஆடையும், எரிக்கப்பட்ட பள்ளிகளும் நம் சங்கத்து மேடைகளில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன. அது முறையே. மிஷனரிமார் முறையிட்டனர், சென்னைக் கவர்னர் டிரெவெலியன் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார், 1859 சூலை 26-ஆம் நாள் மகாராசாவின் விளம்பரம் வெளிவந்தது. அவ்விளம்பரம் கூறியது யாது? சாணார் குலப் பெண்டிர் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்டிரைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். எவ்வகையினும் மார்பை மறைக்கலாம். ஆயின் மேற்சாதிப் பெண்டிரைப்போல் மட்டும் உடுத்தலாகாது. இதில் இரண்டு குறைகள் உள. மேற்சாதியாரைப்போல் உடுத்தலாகாது என்னும் குறையை நாம் நன்கறிவோம். சாம்பவப் பெண்டிரும் புலையப் பெண்டிரும் அவ்விளம்பரத்தில் இடம்பெறவேயில்லை என்னும் மற்றதை நாம் நினைப்பதில்லை. கொல்லத்தை அடுத்த பெரினாட்டில் அய்யன்காளி அவர்களின் அழைப்பை ஏற்றுப் புலையப் பெண்டிர் தம் கழுத்துக் கல்மாலைகளை அறுத்தெறிந்தது 1915-இல். இரண்டுக்கும் இடையே ஐம்பத்தாறு ஆண்டுகள்! நமக்குக் கிட்டிய நாளிலேயே அவர்க்கும் கிட்டவேண்டும் என்று நம்முள் எத்தனை பேர் அன்று வாய் திறந்தனர்?

அடிமை முறையை ஒழிக்குமாறு மிஷனரிமார் 1847-இல் மகாராசாவுக்கு விண்ணப்பம் செய்தனர். 1853-இல் ஒரு பகுதியும், 1855-இல் முழுமையும் விலக்கப்பட்டது. அதற்கு முன்னரே நாகர்கோவிலில் மோல்ட் அம்மையாரின் பெண்பள்ளியில் பின்னல்வேலை கற்ற அடிமைச் சிறுமியர் சிலர், தம் கைவேலையால் ஈட்டிய பொருள்கொண்டு தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கினர். இன்று லேஸ் என்று கடைகளில் நாம் தடவிப் பார்க்கும் அப்பின்னலின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சிறுமியின் விடுதலைக்கணக்கு இருந்தது. மிஷன் செய்த தொண்டுகளுள் யான் தலையாயதாக மதிப்பது இதனையே. இலவசமாகக் கொடுத்ததைக் காட்டிலும், தன் காலில் நிற்கக் கற்பித்தது பெரிது.

மிஷனும் மாசற்றதன்று. மீட் பாதிரியார் தம் முதுமையில், 1850-களின் தொடக்கத்தில், லோயிஸ் பிடல்ப் என்னும் சாம்பவர் குலக் கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் உழைத்த அம்மனிதரை உடன்பணியாளராகிய வெள்ளையரும் பொறுக்கவில்லை. சபையிலிருந்த நம்மவரும் பொறுக்கவில்லை. அவர் லண்டன் மிஷன் சங்கத்தினின்று விலக நேர்ந்தது. பின்னர்த் திருவிதாங்கூர் அரசின் பள்ளிக்கூட மேற்பார்வையாளராய்ப் பணியாற்றி, 1873-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அனைவரும் உடன்பிறந்தார் என்று முப்பது ஆண்டுகள் போதித்தபொழுது எதிர்ப்பின்றிக் கேட்டவர், அப்போதனையை அவர் தம் மனையில் மெய்ப்பித்தபொழுது முகம் திருப்பினர்.

கிறிஸ்தவம் ஒன்றே இந்நாட்டிற் கதவு திறந்தது என்று எண்ணற்க. சாமிதோப்பில் வைகுண்டசுவாமிகள் தோண்டுவித்த முத்திரிக் கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒன்றாய் நீர் மொண்டனர். அவர் 1851-இல் மறைந்தார். கிணறு இன்றும் இருக்கின்றது. ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்: வடக்கே மிஷன் கோயில்களில் நம்மவர் தனி வரிசை கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், தெற்கே சில கல் தொலைவில் அக்கிணற்றுக்கு ஒரே கயிறு இருந்தது.

இப்பழங்கதையை இன்று யான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் மாலைப் பள்ளியில் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கட்டணமின்றிப் பயில்கின்றனர். கோயிலுக்குக் கீழைத்தெருவிலுள்ள சாம்பவர் குடும்பத்தார் சிலர், தம் பிள்ளைகளையும் அதிற் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று எழுத்தால் கேட்டிருக்கின்றனர். அவ்விண்ணப்பம் செயற்குழுவில் இருமுறை ஒத்திவைக்கப்பட்டது.

‘அவர்க்குத்தான் அரசாங்கச் சலுகை இருக்கின்றதே’ என்பது குழுவில் எழுந்த ஒரு தடை. கேளுங்கள். கீழைத்தெருவினருள் பெரும்பாலோர் கிறிஸ்தவர். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத்தலைவர் ஆணையின்படி இந்துக்களே பட்டியல் சாதியாராவர், 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் வைக்கப்பட்டுள்ளனர். நாமும் அவ்வரிசையினரே. ஆகவே கல்லூரி இடத்துக்கும் அரசாங்க வேலைக்கும் அவர் பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிடுகின்றது. நம் பிள்ளைக்குப் பின்னே கடையும் தோட்டமும் சங்கமும் உள. அப்பிள்ளைக்குப் பின்னே யாது உளது?

‘அவர்க்கு அவர் சங்கம், நமக்கு நம் சங்கம்’ என்பது மற்றொரு தடை. தஞ்சையில் கோலாப் ஐயர் அவ்வாறு சொல்லியிருந்தால் வேதமாணிக்கம் வெறுங்கையோடு மீண்டிருப்பார். மயிலாடியில் வேதமாணிக்கம் அவ்வாறு சொல்லியிருந்தால், நம் பாட்டன்மார் எழுத்தறியும் நாள் இன்னும் எத்தனை ஆண்டு தள்ளிப் போயிருக்குமோ, யான் அறியேன். வெள்ளையன் கடல் கடந்து வந்து செய்ததைப் பாராட்டி மலர் வெளியிடுகின்றோம். கீழைத்தெருவுக்கும் நம் கூடத்துக்கும் இடையே கடல் இல்லை. ஒரு வாய்க்காலே உளது. அதன்மேல் பாலமும் உண்டு.

மதமாற்ற அச்சம் கொண்ட சைவ அன்பர்க்கு ஒரு சொல்: அங்கே கணக்கும் ஆங்கிலமும் தமிழும் சொல்லிக் கொடுக்கின்றோம், எவர்க்கும் வேதமும் ஓதுவதில்லை, தேவாரமும் ஓதுவதில்லை. தமிழ் வகுப்பை யானே நடத்துகின்றேன்.

செயற்குழுவுக்கு இரண்டு வேண்டுகோள் வைக்கின்றேன். நாம் வெளியிடக் கருதியிருக்கும் வரலாற்று மலரில் மிஷன் பகுதி மீட் பாதிரியாரிலிருந்து தொடங்காமல் வேதமாணிக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். சாம்பவர் என்னும் சொல்லை அதில் மறைத்தலாகாது. கீழைத்தெருப் பிள்ளைகளை வரும் ஆனி மாதம் பள்ளி திறக்கும் நாளிலேயே நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்த்தவேண்டும். தனி வகுப்பு, தனி நேரம் என்று ஏற்பாடு செய்வதாயின் அவ்வேற்பாட்டுக்கு யான் உடன்பட இயலாது.

கூடத்தில் இன்னும் இருபது பேர் அமர இடம் உண்டு. பாய்கள் போதா. அவற்றை வாங்கித் தருவதாக நம் உறுப்பினர் இருவர் இன்று காலை என்னிடம் சொன்னார்கள். தீர்மானத்தைச் செயலாளர் அவர்கள் இப்பொழுது படிப்பார்கள்.