மீண்டு வருஞ் சொல்
(சபையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சார்லஸ் டிக்கன்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் இயற்றிய ‘இரு நகரங்களின் கதை’ என்ற நாவலைக் குறித்துச் சில கூற முன்வந்தோம். நம்மில் ஆங்கிலங் கற்றோர் பலர் இதனைக் கலாசாலையிற் பாடமாகப் படித்திருத்தல் கூடும். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்திருத்தலுங் கூடும். கதையை மட்டும் நெட்டுருச் செய்தமையே அம்மறதிக்குக் காரணம். இந்நூலின் ஜீவன் திரும்பத் திரும்ப வருஞ் சில சொற்களிலும் பொருள்களிலும் இருக்கின்றதென்பது எமது துணிபு.

ஒரே சொல் பலவிடத்தும் வந்து வெவ்வேறு பொருள் தருவதைச் சொற்பின்வருநிலை என்று தண்டியலங்காரம் வகுத்தது. நம்மவர் ஒரு செய்யுளுக்குட் கண்ட அவ்வணியை இவ்வாசிரியர் 45 அத்தியாயங்களிற் பரப்பிவிட்டார். இது 1859ஆம் ஆண்டில், அவர் தாமே நடத்திய வாரப் பத்திரிகையில் 31 வாரம் வெளிவந்தது. வாரந்தோறும் சிறிது சிறிதாகப் படிப்போர்க்கு முன்கதையை நினைவூட்டும் உபாயமே இது என்பாருமுளர். அஃதொன்றே காரணமென்பதை யாம் ஏலோம்.

1775ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து இரவு. டோவர் சாலையிற் சேற்றில் ஏறும் தபால்வண்டியிலிருந்து லாரி என்னும் பாங்கி உத்தியோகஸ்தர் ஒரு மறுமொழி சொல்லியனுப்புகின்றார். ஒருவர் உயிர்க்கு மீட்கப்பட்டார் என்பதே அதன் கருத்து. பாஸ்டீல் சிறையில் 18 வருஷம் புதையுண்டு கிடந்த டாக்டர் மானெட் என்பவரையே அது குறிக்கின்றது. இங்கே ‘உயிர்மீட்சி’ என்பது மங்கலச் சொல்.

அம்மறுமொழியைச் சுமந்து செல்பவன் ஜெர்ரி என்னும் ஏவலாள். இவன் பகலிற் பாங்கி வாயிலிற் காத்திருப்பான். இரவிற் கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களை எடுத்து வைத்தியர்களுக்கு விற்பான். (இங்கிலாந்தில் இத்தொழில் 1832ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.) அவன் செய்வதும் ஒருவகை மீட்சியே! மங்கலச் சொல்லை இவ்விழிதொழிலாளன் வாயிற் கொடுத்தது நகைப்பின் பொருட்டு என்றே யாம் முதலில் எண்ணினோம். புதைத்தவற்றையெல்லாம் தோண்டுதல் நன்றாகுமோ என்னும் வினாவை ஆசிரியர் அங்கேயே ஊன்றிவிட்டாரென்பது பின்னரே விளங்கிற்று.

அவ்வினாவின் கொடிய விடை மூன்றாம் பாகத்தில் வருகின்றது. மானெட் சிறையிலிருந்தபோது, தமக்குத் தீங்கிழைத்த பிரபு குடும்பத்தைச் சந்ததியோடு சபித்து, ஒரு கடிதம் எழுதிப் புகைபோக்கியில் ஒளித்திருந்தார். 1789ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் சிறை தகர்க்கப்பட்டபோது அது பிறர் கைப்பட்டது. பின்பு நியாயஸ்தலத்தில் வாசிக்கப்படுகின்றது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனோ அக்குடும்பத்தில் உதித்த டார்னே. தன் ஆஸ்தியைத் துறந்து உபாத்தியாயனாகப் பிழைத்தவன். மானெட்டின் மகள் லூஸியின் கணவன். புதையுண்ட கடிதம் உயிர்பெற்று எழுந்து, எழுதியவர் மருமகனையே கொல்லப் புகுகின்றது. தொடக்கத்தில் நாம் மகிழ்ந்து கேட்ட சொல் இதுதானா!

மிதியடி தைக்கும் பலகையும் இத்தகையதே. சிறையில் மானெட் கற்ற தொழில் அது. துயரம் மிகும்போதெல்லாம் அறிவு மயங்கி அதனிடம் திரும்புவார். லாரி அப்பலகையை உடைத்து எரிப்பிக்கின்றார். கருவிகளும் தோலும் தோட்டத்திற் புதைக்கப்படுகின்றன. மருமகனுக்கு மரணதண்டனை விதித்த இரவில் கிழவர் வந்து, தம் பலகை எங்கே என்று குழந்தைபோற் கேட்கின்றார். மிதியடி செய்பவர் வீட்டின் மூலையில் எந்நேரமும் பிறர் காலடியோசை எதிரொலிப்பதும் தற்செயலன்று. லூஸிக்கு ஒருகால் அது தன் குழந்தையின் நடை. பின்பு அதுவே கலகக் கூட்டத்தின் ஓட்டம். தெருவிற் சிந்திய திராட்சைமது இரத்தமாவதைப் பாடவுரைகளெல்லாம் விரித்துரைத்துவிட்டன. ஆதலின் அதனை விடுத்துச் செல்கின்றோம்.

பின்னலை மட்டும் விடுத்தல் இயலாது. மதுக்கடைக்காரி டிபார்ஜ் அம்மையார் பேசாது பின்னிக்கொண்டே இருக்கின்றார். அழிக்கப்படவேண்டியோர் பெயர்களெல்லாம் அப்பின்னலிற் பதிவாகின்றன. அவர் கொடியவரென்று எளிதிற் கூறிவிடலாகாது. அவருடைய தமக்கை, தமையன், தந்தை யாவரும் அப்பிரபு குடும்பத்தால் அழிந்தவர். அவர் வேண்டுவது நியாயமே. ஆனால் பின்னலுக்கு முடிச்சிடத் தெரியவில்லை. டார்னேயோடு நில்லாது மனைவியும் சிறுகுழந்தையும் சாகவேண்டுமென்கின்றார். அவர்கள் செய்த குற்றம் அவ்வம்சத்தைச் சேர்ந்தமையே.

இது நம் சபைக்குப் புறம்பான செய்தியன்று. பாட்டனார் காலத்து வழக்கொன்றைப் பேரப்பிள்ளைகளின்மேல் எழுதிவைத்து, கலியாணப் பேச்சு எழுந்தோறும் அவிழ்த்துப் பார்க்கும் வீடுகள் நம்மவரிடையிலும் உண்டு. அவ்வீடுகளில் யார் கையிலும் ஊசியில்லை. பின்னல் மட்டும் நடக்கின்றது. இவ்வளவோடு நிறுத்துகின்றோம், கேட்டிருக்குஞ் சிலருக்கு யாம் கூறுவது விளங்கும்.

மீண்டுவந்த சொல்லைக் கடைசியில் ஏற்பவன் கார்ட்டன். குடியாற் கெட்டவன், தன் வாழ்நாளைத் தானே புதைத்தவன். உருவொற்றுமையாற் டார்னேயின் இடத்திற் புகுந்து, அவனைத் தப்புவிக்கின்றான். அதற்கு முன் ஓரிரவு பாரிஸ் தெருக்களிற் தனியே நடந்தபோது, தன் தந்தையின் அடக்கத்திற் கேட்ட உயிர்த்தெழுதலைப் பற்றிய வேதவாக்கியம் அவன் நினைவில் மீண்டும் மீண்டும் எழுந்தது. தோண்டியெடுக்கவும் பழிவாங்கவும் பயன்பட்ட சொல், இவனிடத்தில் கொடுப்பதற்குப் பயன்படுகின்றது. அதே பிற்பகலில் லூஸியின் தோழி பிராஸ் அம்மையாரோடு நிகழ்ந்த கைகலப்பில், டிபார்ஜ் அம்மையார் தம் கைத்துப்பாக்கியாலேயே மாண்டார். அவ்வெடியோசையாற் பிராஸின் செவி என்றைக்குமாக அடைபட்டது. எதிரொலித்த காலடிகள் இனி அவருக்கில்லை.

தலைவெட்டும் யந்திரத்தின் முன் பெண்கள் பின்னிக்கொண்டே எண்ணுகின்றனர். கார்ட்டனுடைய எண் 23. முன்வரிசையில் டிபார்ஜ் அம்மையாருக்கென்று போட்டிருந்த நாற்காலி வெறுமையாய்க் கிடந்தது.