பதிலை எதிர்பாராத பத்து நொடி



முதலில் ஒரு சத்தத்தைச் சொல்லிக் காட்டுகிறேன். டிட் டிட் டிட் டிட் டா. டிட் டிட் டிட். டா டா டிட் டிட் டிட். டா டிட் டிட் டிட். மோர்ஸ் மொழியில் இது '4 எஸ் 7 பி'. இதைத் தொடர்ந்து ஒரு நொடி நீளமுள்ள நான்கு கோடுகள் வரும். முதல் கோடு தெளிவாகக் கேட்கும். இரண்டாவது மெலியும். மூன்றாவது தேய்ந்து வரும். நான்காவதைப் பல நாட்களில் காது பிடிப்பதே இல்லை. எல்லாம் பத்து நொடிக்குள் முடிந்துவிடும்.

இதை அனுப்புவது கொழும்பில் உள்ள ஒரு கருவி. அது யாரையும் அழைப்பதில்லை, யாருடைய பதிலுக்கும் காத்திருப்பதில்லை. ஒவ்வோர் அலைவரிசையிலும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தன் பெயரைச் சொல்லி நான்கு கோடு போட்டுவிட்டு அடுத்த அலைவரிசைக்குப் போய்விடும். ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இதைப் 'பீக்கன்' என்பார்கள். கடலில் போகிறவனுக்குக் கலங்கரை விளக்கம் எப்படியோ, சிற்றலையில் தேடுகிறவனுக்கு இது அப்படி.

இதன் அருமை எனக்குப் புரிந்த கதையைச் சொல்கிறேன். மதுரையில் மொட்டை மாடியிலிருந்து வேப்பமரத்துக்குக் கம்பி இழுத்து, கேட்க ஆரம்பித்த புதிது. ஒரு நாள் பிற்பகலில் 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் முழுக்க வெறும் இரைச்சல். கம்பி அறுந்துவிட்டதென்று நினைத்து ஏணி போட்டு ஏறினேன். அவிழ்த்தேன், துடைத்தேன், மறுபடி கட்டினேன். இறங்கி வந்தால் அதே இரைச்சல். எங்கள் ஊர் மூத்த ஹாம் ஒருவரிடம் போய் நின்றேன். "தம்பி, 14.100ல போய் அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரு, அப்புறம் வா" என்றார். உட்கார்ந்தேன். இரண்டாவது நிமிடம் முடிந்து பத்து நொடியில் பின்லாந்தின் பீக்கன் கேட்டது. மதுரையிலிருந்து சுமார் 7,000 கிலோமீட்டர்! என் கம்பியில் கோளாறு இல்லை. வானத்திலும் வழி திறந்தே இருந்தது. அந்த நேரத்தில் பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

சத்தம் இல்லாததும் வழி இல்லாததும் ஒன்றல்ல. வெறும் இரைச்சலை மட்டும் கேட்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படும். பிரித்துச் சொல்ல, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொன்ன நேரத்தில் சொன்ன வலுவில் பேசும் ஒரு குரல் வேண்டும். பீக்கன் அந்தக் குரல்.

இப்படிப் பதினெட்டுக் குரல்கள் உலகைச் சுற்றி நிற்கின்றன. 1979இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு நிலையமாகத் தொடங்கியது இது. வட கலிபோர்னியா டிஎக்ஸ் அறக்கட்டளையும் உலக அமெச்சூர் வானொலிச் சங்கங்களின் ஒன்றியமும் சேர்ந்து வளர்த்தன. 1995 முதல் அதை ஐந்து அலைவரிசைகளுக்கு விரிக்கும் வேலை நடந்தது. 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹெர்ட்ஸ் என்பவை அந்த ஐந்து. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் நிலையம்தான் முதலில் பேசும். பிறகு கனடாவின் வட பகுதி, கலிபோர்னியா, ஹவாய், நியூசிலாந்து, மேற்கு ஆஸ்திரேலியா, ஜப்பான், சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க், ஹாங்காங். பத்தாவதாகக் கொழும்பு. அதன்பின் தென்னாப்பிரிக்கா, கென்யா, இஸ்ரேல், பின்லாந்து, போர்ச்சுகலின் மதெய்ரா தீவு, அர்ஜென்டினா, பெரு, வெனிசுவேலா. ஆளுக்குப் பத்து நொடி. பதினெட்டுப் பேருக்கு நூற்றெண்பது நொடி, அதாவது மூன்று நிமிடம். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிட்டால் எல்லாம் பாழ். அதனால் ஒவ்வொரு நிலையமும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைப் பார்த்துத் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது.

அந்த நான்கு கோடுகளுக்கு வருகிறேன். இந்த ஏற்பாட்டிலேயே என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். பெயரும் முதல் கோடும் 100 வாட் வலுவில் வரும். நம் வீடுகளில் முன்பு எரிந்த பெரிய குண்டு பல்பின் அளவு. இரண்டாவது கோடு 10 வாட், மூன்றாவது 1 வாட், நான்காவது வாட்டில் பத்தில் ஒரு பங்கு. ஒரு பழைய டார்ச் பல்புக்குக்கூட அது பற்றாது. எத்தனை கோடு கேட்கிறது என்று விரல் விட்டு எண்ணினால் போதும், எந்த மீட்டரும் வேண்டாம். ஒரு கோடுதான் கேட்கிறதா? வழி இருக்கிறது, ஆனால் குறுகல். நான்கும் கேட்கிறதா? அன்றைக்கு அந்தத் திசையில் ராஜபாட்டை. பத்தில் ஒரு வாட்டை ஒரு கண்டம் தாண்டிக் கேட்கும்போது உடம்பு சிலிர்த்துப்போகும். பல வருடம் கேட்டபின்னும் எனக்கு அது குறையவில்லை.

அந்த வழி எங்கே இருக்கிறது? நம் தலைக்கு மேலே. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் உயரத்துக் காற்றில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. அப்படி உருவாவதுதான் அயனி மண்டலம். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக்கின் மறுகரையில் 'எஸ்' என்ற ஓரெழுத்தைக் கேட்டதாக அறிவித்தபோது, நேர்கோட்டில் போகும் அலை வளைந்த பூமியை எப்படிச் சுற்றியது என்று அறிஞர்கள் திகைத்தார்கள். மேலே மின்னூட்டம் பெற்ற ஓர் அடுக்கு இருக்கவேண்டும் என்று 1902இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். 1924இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையில் காட்டினார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மண்டலத்தின் மேலே 'எஃப்' என்ற அடுக்கு சிற்றலையை வளைத்துப் பூமிக்கே திருப்பி அனுப்புகிறது. கீழே, அறுபது முதல் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில், 'டி' என்ற அடுக்கு பகலில் அலையின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகிறது. வளைத்து அனுப்பும் அலை தூரத்தில்தான் இறங்கும். இடையில் உள்ள ஊர்களைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் மதுரைக்கு 400 கிலோமீட்டருக்குள் இருக்கும் கொழும்பு கேட்காத வேளையில் பின்லாந்து கேட்கிறது. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருக்க, பக்கத்து ஊர்க் கதவு திறந்திருப்பதுபோல.

தமிழ்நாட்டின் தென்கோடியில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்கு முனையை ஒட்டியே போகிறது. கேரளத்தின் தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைந்ததும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். சூரியன் மறைந்தபின் இந்தக் கோட்டுக்கு மேலே எஃப் அடுக்கு எழும்பிக் கலங்கும், குமிழிகள் கிளம்பும். அப்போது இதன் வழியே வரும் பீக்கனின் குரல் நடுங்கும். தெளிவான ஊதல் கரகரவென்று சிறகடிக்கும். வேறு ஊர்க்காரர்கள் இதைக் கருவிக் கோளாறு என்று நினைக்கலாம். நம் வானத்தின் இயல்பே அதுதான்.

சூரியன் சீறினாலும் பீக்கன் சொல்லிவிடும். சூரியப் பிழம்பு ஒன்று வெடித்தால் அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் இங்கே வந்து, பகல் பக்கத்து டி அடுக்கைக் கெட்டிப்படுத்துகிறது. சற்று முன்வரை கணீரென்று ஒலித்த நிலையங்கள் வரிசையாக அமிழ்ந்துபோகும். இரவுப் பக்க வழிகள் மட்டும் பிழைத்திருக்கும். யார் அமிழ்ந்தார், யார் மிஞ்சினார் என்று குறித்துக்கொண்டே வந்தால், உலக வரைபடத்தில் பகலையும் இரவையும் காதாலேயே வரைந்துவிடலாம்.

பீக்கனைக் காதால் கேட்பது ஒரு வழி. கணினியிடம் கேட்கச் சொல்வது இன்னொரு வழி. 1974இல், சீராகத் துடிக்கும் விண்மீனான பல்சார் ஒன்று இன்னொரு விண்மீனோடு இணையாகச் சுற்றுவதைக் கண்டுபிடித்து, அதற்காக 1993இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஜோசப் டெய்லர். அவர் ஒரு ஹாம். 2008இல் அவர் வெளியிட்ட மென்பொருளுக்கு 'விஸ்பர்' என்று பெயர். கிசுகிசுப்பு என்று பொருள். நிலையத்தின் பெயரான அழைப்புக்குறி, இருக்கும் இடம், அனுப்பும் வலு, இவ்வளவுதான் செய்தி. அதை அனுப்ப 110 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு மெதுவாகப் பேசுவதால், மனிதக் காதுக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும் இடத்திலும் கணினி அதைப் பிரித்தெடுக்கிறது. பல்சாரின் மெல்லிய துடிப்பை இரைச்சலிலிருந்து தோண்டியெடுத்தவருக்கு இது கைவந்த கலை. கேட்டவர்களின் கணினிகள் தாங்கள் கேட்டதை இணையத்தில் உடனுக்குடன் பதிகின்றன. அனுப்பியவர் ஒரு காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், தன் கால் வாட் எந்தெந்த நாட்டில் இறங்கியது என்று வரைபடத்தில் தெரியும். மோர்ஸைத் தானே படித்துப் பதிவுசெய்யும் 'ரிவர்ஸ் பீக்கன்' கட்டமைப்பும் இப்படித்தான் இயங்குகிறது. அங்கே யார் பேசினாலும் அந்தப் பேச்சே பீக்கன் ஆகிவிடுகிறது.

2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது இந்தப் பதிவுகள் ஆராய்ச்சிக்கே பயன்பட்டன. நிலவின் நிழல் கடந்தபோது 14 மெகாஹெர்ட்ஸில் தொடர்புகள் குறைந்தன, அதற்குக் கீழே உள்ள அலைவரிசைகளில் வழி திறந்தது. நடுப்பகலில் அயனி மண்டலம் சிறிது நேரம் இரவைப்போல நடந்துகொண்டதை, தங்கள் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஹாம்களின் பதிவுகள் காட்டின.

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்று சிலர் கேட்கலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்பவரின் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. அவர்கள் போனது உலக ஹாம்களோடு பேச. சுனாமி வந்து மற்ற தொடர்புகள் அறுந்தபோது, அந்தக் கருவிகளைக் கொண்டே உறவினரைத் தேடுகிறவர்களுக்குச் செய்தி கடத்தினார்கள். அப்படி ஒரு நாளில் எந்த அலைவரிசை எந்தத் திசைக்குத் திறந்திருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். அந்தப் பழக்கம் அமைதியான நாட்களில் காது கொடுத்துக் கேட்டால்தான் வரும்.

ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும். இந்தப் பதினெட்டில் இந்தியாவில் ஒன்றும் இல்லை. இவ்வளவு பெரிய நாட்டின் வழியை அண்டை வீட்டுக் கொழும்பை வைத்துத்தான் உலகம் ஊகிக்கிறது. கொழும்பு நிலையத்தைக் கவனித்துவரும் இலங்கை ஹாம்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். எல்லா ஊரிலும் இந்தக் கருவிகளைத் தொண்டர்கள்தான் காக்கிறார்கள். இடி விழும், ஆன்டெனா சாயும், சில நிலையங்கள் மாதக்கணக்கில் மௌனமாகிவிடும். பிறகு யாரோ ஒருவர் மலையேறிச் சரிசெய்வார்.

நீங்களும் கேட்கலாம். அனுப்பத்தான் தேர்வும் உரிமமும் வேண்டும். சாதாரண ரேடியோவில் மோர்ஸ் ஊதலாகக் கேட்காது, எஸ்எஸ்பி வசதியுள்ள பெட்டி வேண்டும். அது இல்லாதவர்கள், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கும் இணைய ரேடியோவில் கேட்டுப் பார்க்கலாம். மோர்ஸ் தெரியாவிட்டாலும் கவலையில்லை. கடிகாரமே பெயரைச் சொல்லிவிடும். இந்திய நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசம் மூன்று நிமிடத்தால் மீதியின்றி வகுபடுவதால், நம் வீட்டுக் கடிகாரமே போதும். நிமிட முள் மூன்றின் மடங்கில் நிற்கும்போது ஒரு சுற்று தொடங்குகிறது. 14.100இல் அதிலிருந்து சரியாக ஒன்றரை நிமிடம் கழித்துக் கொழும்பு, ஒரு நிமிடம் நாற்பது நொடியில் தென்னாப்பிரிக்கா, இரண்டு நிமிடம் பத்து நொடியில் பின்லாந்து.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம், தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஒரு சுற்று. எத்தனை கோடு கேட்டது என்று எழுதுங்கள். ஒன்றுமே கேட்காத நாளிலும் தேதியையும் நேரத்தையும் போட்டு, பூஜ்யம் என்று எழுதிவையுங்கள்.