நிற்கும்போதே தாங்கும் பலகை

(வடகரையில் நடைபெற்ற குறுவளமையக் கூட்டத்தில், தொடக்கநிலை, உயர்நிலை ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடகரைக்கு மேற்கே மலை. மேக்கரையில் அடவிநயினார் அணை. கடல் பார்க்க வேண்டுமென்றால் நம் பிள்ளைகள் திருச்செந்தூருக்கோ கன்னியாகுமரிக்கோ பேருந்து ஏற வேண்டும். இந்த ஊரில் நின்றுகொண்டு அலைச்சறுக்குப் பலகையைப் பற்றிப் பேசுகிறேன். காரணம் இரண்டு. ஒன்பதாம் வகுப்பின் ‘பாய்மங்கள்’ பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்து, புதிதாகக் கற்பவர் கையில் எந்தக் கருவியைக் கொடுப்பது என்ற கேள்வி ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கும் பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கும் பொதுவானது.

அலைச்சறுக்கை வளர்த்தெடுத்தவர்கள் ஹவாய்த் தீவு மக்கள். ஆனால் அலைமேல் ஏறிக் கரை சேரும் வித்தை நம் கரைக்குப் புதிதல்ல. கட்டுமரக்காரர்கள் எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போனார்கள். திரும்பியதும் அவிழ்த்து மணலில் காயவைத்தார்கள். மரம் நீரைக் குடித்தால் மிதப்பு குறையும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். இன்று சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில், மீனவரான மூர்த்தி மேகவன் போன்றவர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு கற்றுத் தருகிறார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

போட்டி வீரரின் பலகை ஏறத்தாழ 6 அடி நீளம், 19 அங்குல அகலம், இரண்டரை அங்குலத்துக்கும் குறைந்த தடிமன். கன அளவு 28 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தின்படி, அது முழுவதும் மூழ்கினாலும் சுமார் 28.7 கிலோ கடல்நீரைத்தான் வெளியேற்றும். 40 கிலோ எடையுள்ள பிள்ளையை அதன்மேல் ஏற்றினால் பலகையோடு உள்ளே போய்விடும். வீரர் மட்டும் எப்படி நிற்கிறார்? வேகம் வந்ததும் பலகையின் அடிப்புறம் நீரைக் கீழே தள்ளுகிறது. நீர் பலகையை மேலே தள்ளுகிறது. அந்தப் பலகை வேகம் வந்த பிறகுதான் ஆளைத் தாங்கும்.

அந்த வேகத்தைச் சிறிய அலை தருமா? ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். அலை தன் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 60 சென்டிமீட்டர் அலை என்றால் ஆழம் சுமார் 0.8 மீட்டர், வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். 2 மீட்டர் அலை மணிக்கு 18 கிலோமீட்டர் வரை ஓடும். புதிதாகக் கற்பவர் இறங்குவதோ சிறிய அலையில். அங்கே வீரரின் பலகை அவருக்கு உதவாது.

ஆகவே கற்பவரின் பலகையை வேறு விதமாகச் செய்கிறார்கள். நீளம் 8 அடி, அகலம் 22 அங்குலம், தடிமன் 3 அங்குலத்துக்கு மேல், கன அளவு 70 லிட்டர் அளவில். 40 கிலோ பிள்ளையும் 5 கிலோ பலகையும் சேர்ந்து 45 கிலோ. அதற்கு 44 லிட்டர் மூழ்கினால் போதும். மீதி நீருக்கு மேலே இருக்கும். பரப்பு அதிகம் என்பதால் குறைந்த வேகத்திலேயே பலகை நீரின்மேல் வழுக்கத் தொடங்கும். அடிப்புறம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். வளைவு கூடினால் நீரைத் தள்ளித் தள்ளியே வேகம் போய்விடும். முனை மட்டும் சற்றே மேல்நோக்கி இருக்கும். இல்லாவிட்டால் அலையில் இறங்கும்போது மூக்குக் குத்தும். மேலே மென்மையான நுரைப் பரப்பு, ஓரங்கள் உருண்டை, அடியிலுள்ள துடுப்புகளும் வளையும் பிளாஸ்டிக். விழுவது உறுதி, விழுந்தால் காயம் படக்கூடாது.

இதற்கும் விலை உண்டு. பெரிய பலகை சட்டென்று திரும்பாது. பெரிய அலைகளைத் தாண்டி அதைக் கொண்டுபோவது கடினம். சிறு பிள்ளைக்கு மிகப் பெரிய பலகையைக் கொடுத்தால் இரு பக்கமும் கை எட்டாது, துழாவ முடியாது. பெரிதாக இருந்தால் போதாது, ஆளுக்குப் பொருந்த வேண்டும்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்க ஓர் அகன்ற தொட்டியும் 2 சென்டிமீட்டர் தெர்மாகோல் அட்டையும் போதும். 30-க்கு 10 சென்டிமீட்டரில் ஒரு துண்டு, 20-க்கு 5 சென்டிமீட்டரில் ஒரு துண்டு. கன அளவு 600, 200 கன சென்டிமீட்டர். 50 கிராம் மணல் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லுங்கள். எத்தனையாவது பொட்டலத்தில் மூழ்கும் என்று முதலில் எழுதட்டும், பிறகு பார்க்கட்டும். பொட்டலத்தை ஓரத்தில் வைத்தால் எந்தத் துண்டு முதலில் கவிழ்கிறது என்பதையும் கவனிக்கட்டும். தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆற்றுக்கோ அருவிக்கோ இதைக் கொண்டுபோக வேண்டாம்.

இனி நம் வேலைக்கு வருகிறேன். ஏழாம் வகுப்புப் பாடநூல், சரளமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளையைத் தாங்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அது 28 லிட்டர் பலகை. மூழ்கும் பிள்ளையைப் பார்த்து ‘இவனுக்கு வராது’ என்கிறோம்; கையில் கொடுத்த பலகையை யாரும் பார்ப்பதில்லை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் வந்தபோது தொடக்க வகுப்புகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரித்தோம். அகன்ற பலகை என்றால் அதுதான். அதே அக்கறை மேல் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் வேண்டும்: அரைப் பக்கப் பத்தி, பெரிய எழுத்து, முதல் நாளே விடை சொல்ல முடிகிற ஒரு கேள்வி.

இரண்டு எச்சரிக்கைகள். பிள்ளை நிற்கத் தொடங்கியதும் பலகையை மாற்றுங்கள். எளிய பயிற்சித்தாளிலேயே ஆண்டு முழுவதும் வைத்திருப்பதும் அநீதிதான். மற்றொன்று, அரும்பு என்பது பலகையின் பெயர், பிள்ளையின் பெயரன்று. ‘அரும்புப் பசங்க’ என்று ஆசிரியர் அறையில் நாம் சொல்லும் சொல், அன்று மாலைக்குள் வகுப்புக்குப் போய்விடும்.

வரும் வாரம் உங்கள் வகுப்பில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். வேகம் வரும் முன்பே, அசையாமல் நிற்கும்போதே, அவரைத் தாங்குகிற ஒரு பயிற்சியைத் தயாரித்து வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றையே மேசைமேல் பரப்பிப் பேசுவோம்.