ஈர விறகு

ஈர விறகை அடுப்பில் திணித்தால் என்ன ஆகும்? புகைதான் வரும், சோறு வேகாது. நம் வயிற்றிலும் ஓர் அடுப்பு எரிகிறது என்கிறது ஆயுர்வேதம். அதற்குப் பெயர் அக்னி. அது சுணங்கிப்போனால் மந்தாக்னி. கொஞ்சம் சாப்பிட்டாலும் வயிறு கல் மாதிரி கிடக்கும்.

இதற்கு முதல் வைத்தியம் மருந்தே இல்லை, பசிக்கும்வரை காத்திருப்பதுதான். நமக்கோ கடிகாரத்தைப் பார்த்தால்தான் பசிக்கிறது!

மருந்து என்று போனால் அஷ்ட சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என்று 8 சரக்கு. சாப்பிட்டு முடித்து வாயில் போட்டுக்கொள்வதில்லை இதை. நெய்விட்டு, முதல் கவளச் சோற்றோடு பிசைந்து சாப்பிட வேண்டும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தானே உலை வைப்போம்? வயிற்றுப்புண் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்; காரச் சரக்கு அதிகம்.

அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலை எழுதிய வாக்படர், எவ்வளவு சாப்பிடலாம் என்பதற்கு ஒரு கணக்கும் சொல்லியிருக்கிறார். வயிற்றில் 4 பங்கு. அதில் 2 பங்கு உணவுக்கு, 1 பங்கு நீருக்கு, மிச்சம் காற்றுக்கு. கல்யாண வீட்டில் அந்தக் காற்றுப் பங்கில்தான் நாம் பாயசத்தை ஊற்றிக்கொள்கிறோம்.