தொலைக்காட்சித் திரையும் கடலாதெனியக் கல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, வகுப்பு முடிந்து நாம் எழும் வேளையில், தம்பி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "எல்லோராவிலுள்ள கைலாசநாதர் கோயிலை மனிதர் குடைந்திருக்கவே முடியாதாம், ஐயா. வேற்றுக் கிரகத்தவர் வந்து செய்தார்களாம். தொலைக்காட்சியிலே காட்டுகிறார்களே, மெய்தானா?" என்றார். மூத்தோராகிய நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "அப்படியொன்றும் இல்லை, தம்பி" என்று சொல்லத் தெரிந்ததேயன்றி, ஏன் இல்லை என்று விளக்க நம்மிடம் விடை இருக்கவில்லை. வெட்கத்தோடு வீடு திரும்பினோம். அன்று சொல்லத் தவறிய விடையையே இன்று இம்மேடையிற் சொல்ல விரும்புகிறோம்.

தொலைக்காட்சியே தீது என்பது நம் கருத்தன்று. பழம்பொருளாராய்ச்சியைச் சாமானிய மக்களின் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அதுவே. 1952ஆம் ஆண்டு பி.பி.சி. ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அரும்பொருட்சாலைப் பொருளொன்றை அறிஞர் மூவர் முன் வைப்பார்கள். அஃது என்ன, எந்நாட்டது, எக்காலத்தது என்று அவர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டும். அந்நிகழ்ச்சியிற் பெரும்புகழ் பெற்றவர் சேர் மோட்டிமர் வீலர். இதே வீலர்தான் 1945இல் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தவர். அங்கே இத்தாலி நாட்டில் வனைந்த சிவப்பு மட்பாண்டத்தின் ஓடுகள் கிடைத்தன. அவ்வகைப் பாண்டத்தின் காலம் மேனாட்டில் முன்பே தெளிவாகியிருந்தது. ஆகவே, அதே மண்ணடுக்கிற் கிடைத்த நம்மவர் பாண்டங்களுக்கும் காலம் குறிக்க வழி பிறந்தது. உடைந்த ஓட்டுக்கும் அது கிடந்த அடுக்குக்கும் எத்துணை மதிப்பு உண்டென்பதை இதனால் அறியலாம்.

இனி மற்றொரு வகை நிகழ்ச்சியைப் பார்ப்போம். விண்ணிலிருந்து வந்தவர்களே பண்டைய நாகரிகங்களுக்கு ஆசான்கள் என்று எரிக் வொன் டானிக்கன் 1968இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்கருத்தைப் பற்றிக்கொண்டு அமெரிக்காவின் ஹிஸ்டரி அலைவரிசை 2010இல் 'ஏன்ஷியன்ற் ஏலியன்ஸ்' என்னும் தொடரைத் தொடங்கியது. கைலாசநாதர் கோயிலைப் பற்றிய பேச்சும் அங்கிருந்தே பரவியது. "மனிதரால் இஃது இயலுமா?" என்று வினவுவார்கள், இசை முழங்கும், விடையை நம் அச்சத்துக்கும் வியப்புக்கும் விட்டுவிடுவார்கள்.

தம்பிமாரே, விடை இதுதான். அக்கோயில் 8ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்யப்பட்டது. அம்முறை எத்தகையது என்று காண விரும்பினால் மாமல்லபுரத்துக்குப் போகலாம். அங்கே முற்றுப்பெறாத இரதங்கள் நிற்கின்றன: மேற்பாகம் திருத்தமாக முடிந்திருக்கும், கீழ்ப்பாகம் வெறும் பாறையாக இருக்கும். உளி எங்கே நின்றது என்பதை இன்றும் கண்ணாற் காணலாம். உழைத்தவனின் திறமையை யாரோ ஒரு வானவாசிக்குக் கொடுத்துவிடுவது, இறந்துபோன சிற்பியின் கூலியைப் பறிப்பதன்றி வேறென்ன?

நிற்க. நம்மை இகழும் கதையை மறுப்பது எளிது. நம்மைப் புகழும் கதையை மறுப்பதே கடினம். 2002இல் கிரகாம் ஹன்கொக் பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒரு தொடரை வழங்கினார். பூம்புகார்க் கடலில் ஏறக்குறைய 23 மீற்றர் ஆழத்திலுள்ள ஓர் அமைப்பைக் காட்டி, அந்த இடத்தைக் கடல் கொண்டது 11,000 ஆண்டுகளுக்கு முன்னர். ஆகவே அந்நகரும் அத்துணைப் பழையது என்றார். அதைக் கண்டு நாமும் கைதட்டியதுண்டு. ஆனால் கடல்மட்டத்தின் காலம் கட்டடத்தின் காலமாகுமா? அந்த அமைப்பு மனிதர் கட்டியதென்றும், இன்ன காலத்ததென்றும் உறுதியாகக் காட்டும் பொருள் வேண்டாமா? கரையிலே நடந்த அகழ்வில் கீழையூரில் செங்கற் படகுத்துறை வெளிப்பட்டது. அங்கிருந்த மரக்கம்பத்தின் கரிமக் கணிப்புக் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைக் காட்டியது. சான்றுள்ள அப்பெருமை நமக்குப் போதாதா? ஹன்கொக்கின் பிந்திய தொடர் 2022இல் நெட்பிளிக்ஸில் வந்தபோது, அதனை விஞ்ஞானப் புனைகதை வரிசையிற் சேர்க்கும்படி அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் சங்கம் கடிதம் எழுதியது. பிறர் பொய்யை வெறுத்து, நமக்கு இனிக்கும் பொய்யை விரும்புவோமாயின், நாம் உண்மையை நேசிப்பவர்கள் அல்லர்.

எல்லோராவும் பூம்புகாரும் தொலைவில் உள்ளவை. நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். பேராதனையைக் கடந்து சென்றால் கடலாதெனிய விகாரை இருக்கிறது. நான்காம் புவனேகபாகு காலத்தில், கி.பி. 1344இல், தென்னிந்தியக் கோயிற்பாணியிற் கல்லால் எடுக்கப்பட்டது. இதை ஆக்கியவர் யார் என்று இசை முழக்கிக் கேட்க வேண்டியதில்லை. கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுத் தபதியின் பெயரை அங்குள்ள கற்சாசனமே சொல்லுகிறது. அதே காலத்து லங்காதிலக விகாரையின் பாறையிலோ, சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மன்னனின் நாட்டில், ஒரு பௌத்த விகாரையில், இரு மொழியும் ஒரே பாறையில் இடம்பெற்றன. இதைவிட அரிய காட்சியை எந்தத் திரை நமக்குக் காட்டும்? கண்டியிற் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனைபேர் அதை நேரிற் கண்டிருக்கிறோம்?

ஆதலின், இளைஞர்களே, இனி இத்தகைய படங்களைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். காட்டும் பொருள் எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கிற் கிடைத்தது? அதன் காலத்தை எவ்வாறு கணித்தார்கள்? மாறான கருத்துடைய அறிஞருக்குப் பேச இடம் தந்தார்களா? இம்மூன்றுக்கும் விடை இல்லையேல், அதைக் கதையென்று கண்டு களியுங்கள், வரலாறென்று நம்பிவிடாதீர்கள்.

வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு அவ்விரு விகாரைகளுக்கும் சென்று வருவோம். எழுத்துகளைத் தெளிவாக்குகிறோம் என்று சுண்ணாம்போ எண்ணெயோ பூசாமல், கண்ணாற் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவருவோம்.

இம்மலைநாட்டில் காடு வெட்டித் தெருப்போட்டுத் தேயிலை நட்ட நம் பாட்டன் பாட்டிமாரில் மிகப் பலரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உழைத்தவரை மறப்பது எவ்வளவு கொடியதென்று பிறர் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணேசுவராசாரியின் பெயரைக் கற்ற கையோடு, நம் வீட்டு முதியோரிடம் கேட்டு அவர்கள் பெயர்களையும் எழுதி வைப்போம். நாளை ஒரு தம்பி "யார் செய்தார்கள், ஐயா?" என்று கேட்டால், அன்று நாம் மௌனமாக நிற்க வேண்டியிராது.