கொட்டானுக்குக் கொடுக்கும் விலை
(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை என்றால் உங்களுக்கும் தெரியும். கொட்டான் என்றால் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பனை ஓலையில் பின்னும் சிறு கூடைதான் கொட்டான். அடி சதுரமாக இருக்கும். வாய் வட்டமாக முடியும்.

முன்பு இதை விற்பதற்காகச் செய்யவில்லை. ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போயிருந்த காலத்தில், பெரிய வீட்டு ஆச்சிமார்கள் பொழுதோடு பொழுதாகப் பின்னினார்கள். கல்யாணச் சீர், தாம்பூலம், பலகாரம் எல்லாம் கொட்டானில்தான் போகும். வெளிப்பக்கம் குரோஷா நூல் பின்னல், பாசிமணி, ஜரிகைத் துணி என்று அலங்காரம் செய்வார்கள்.

வேலை எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பனங்குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார வேண்டும். சாயத்தைக் கொதிக்கும் நீரில் கரைத்து ஓலையை முக்கி எடுக்க வேண்டும். பின்னும்போது ஓலையில் ஈரப்பதம் இருக்க வேண்டும், காய்ந்தால் ஒடியும். அகலம் கொஞ்சம் பிசகினாலும் கட்டம் கோணிவிடும்.

உலகின் மறுகோடியிலும் இதே கதை உண்டு. கனடாவில் கியூபெக் நகருக்கு அருகே வென்டேக் என்ற ஊரில் ஹூரான்-வென்டாட் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். தோலில் தைக்கும் மொக்கசின் என்ற காலணியில் முள்ளம்பன்றி முள்ளையும் மூஸ் என்ற பெரிய மானின் முடியையும் சாயமேற்றிப் பூவேலை செய்வார்கள். அந்த முள்ளையும் ஈரத்தில் மென்மையாக்கித் தட்டையாக்கித்தான் தைக்க வேண்டும். அங்கே மார்கரித் வின்சென்ட் (1783–1865) என்ற பெண்மணி இந்தக் கைத்தொழிலுக்குப் புத்துயிர் கொடுத்தார். மொக்கசின் விற்பனை அந்த ஊருக்கே பிழைப்பு ஆனது.

நம் பக்கம் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு கொட்டான் பின்னும் கைகள் குறைந்தன. விசாலாட்சி ராமசாமி அவர்கள் நிறுவிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளைதான் இதை மீட்டது. வேலை தெரிந்த மூத்த பெண்களைத் தேடிப் பிடித்து, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். யுனெஸ்கோவின் தரச் சான்று கிடைத்தது. செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். பின்னுகிற பெண்ணுக்கு வேலை கொடுப்பது வாங்குகிறவர்கள்தான்.

நான் வணிகவியல் படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். அதனால் அடக்கவிலையைப் பார்ப்பது பழக்கம். ஒரு கொட்டானில் ஓலையும் சாயமும் சிறு செலவு; மற்றதெல்லாம் கூலி. நாம் பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்தால், அது ஓலையில் குறையாது, கூலியில்தான் குறையும். கூலி கட்டாவிட்டால் அந்தப் பெண் அடுத்த வாரம் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் மகள் கற்றுக்கொள்ளவே மாட்டாள். ஒரு தலைமுறை விட்டுப்போனால் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, வீட்டு விசேஷத்தில் தாம்பூலப் பைக்குப் பதில் கொட்டான் கொடுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதும் உங்களுக்குத் தெரியும். கையால் செய்வதால் நாள் பிடிக்கும்; பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே இதற்கும் சொல்லிவிடுங்கள். இரண்டு, விலையைக் கேளுங்கள், கட்டுமானால் வாங்குங்கள், அடித்துப் பேசாதீர்கள். மூன்று, சங்கத்தின் நவராத்திரி கொலுவுக்கு இந்த ஆண்டு கொட்டானிலேயே சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுக்கலாம் என்று செயற்குழுவுக்கு முன்மொழிகிறேன். சுண்டலுக்கு உள்ளே வாழை இலை வைத்தால் போதும்.

வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு: கொட்டானைத் தண்ணீரில் கழுவாதீர்கள், உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரம் பட்டால் நிழலில் காயவையுங்கள். பல வருஷம் உழைக்கும்.